வேலைக்குச் சைக்கிளில் போக எதை வாங்குவது, எதை விடுவது?

மணிச்சத்தம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறேன். ஒரு வழிக்கு 9 கிலோமீட்டர். சிக்னல்களில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் 40 நிமிடம் ஆகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பழைய சைக்கிள்தான். அதன் மேல் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. தொல்லையெல்லாம் உடையிலும் உடம்பிலும்தான் இருக்கிறது.

ஜீன்ஸ் அணிந்துதான் ஓட்டுகிறேன். இருபது நிமிடம் ஆனதும் தொடையிடுக்கில் எரிச்சல் தொடங்கிவிடுகிறது. வாரக் கடைசியில் நடப்பதே சிரமமாகிறது. முதுகில் பை மாட்டிக்கொள்வதால், போய் இறங்கும்போது சட்டையின் பின்பக்கம் அந்தப் பையின் வடிவத்திலேயே நனைந்திருக்கிறது. போதாததற்கு இடக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. வேலை செய்யும் இடத்தில் குளிக்க வசதி இல்லை. முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சைக்கிள் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் இதையெல்லாம் சொன்னேன். பேடு வைத்த இறுக்கமான ஷார்ட்ஸ், ஜெர்ஸி, தனி ஷூ, கையுறை, கண்ணாடி, ஜெல் சீட்டு, மழைக்கோட்டு என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தேன்; என் சைக்கிளின் விலையைவிட அதிகமாக வந்தது. அவ்வளவு பணம் என்னிடம் இல்லை. மாதத்துக்கு ஒரு பொருள் என்ற கணக்கில்தான் வாங்க முடியும்.

ஆகவே என் கேள்வி இதுதான்: இவற்றில் எது உண்மையிலேயே வேண்டும், எதற்கு வீட்டில் இருப்பதே போதும், எந்த வரிசையில் வாங்க வேண்டும்? பளபளக்கும் இறுக்க உடையில் சக ஊழியர்கள் முன்னால் போய் நிற்கும் துணிவு எனக்கு இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரம் எழுதுகிறார்:

வணக்கம். கடைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஜீன்ஸை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போடுங்கள். கால்கள் இரண்டும் சேரும் இடத்தில் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் வருகிற தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஜீன்ஸில் ஒவ்வொரு தையலும் துணியை மடித்து மடித்துத் தைக்கப்படுவதால், அவை சேரும் இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கெட்டியாக ஒரு முடிச்சு இருப்பதை விரலால் தடவிப் பார்த்தாலே உணரலாம். உங்கள் எடையை அந்த முடிச்சின் மேல் வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கு அறுபது எழுபது முறை காலைச் சுழற்றுகிறீர்கள். நாற்பது நிமிடத்தில் அது எத்தனை உரசல் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே முதல் மாற்றத்துக்குச் செலவே இருக்காது. மெல்லிய துணியில், தையல் தட்டையாக உள்ள பேன்ட் ஏதாவது உங்களிடம் கட்டாயம் இருக்கும். கொஞ்சம் இழுபடும் துணியாக இருந்தால் இன்னும் நல்லது. புதிதாகவே வாங்குவதானால், கவட்டில் நான்கு தையல்கள் சேராதபடி வைர வடிவில் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்த பேன்டைத் தேடுங்கள். மலையேறுகிறவர்களுக்கும் உடற்பயிற்சிக்கும் என்று விற்கும் பேன்டுகளில் இது அடிக்கடி காணக் கிடைக்கும். ‘சைக்கிள்’ என்ற சொல் அட்டையில் இல்லாததால் விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கடையிலேயே ஒரு காலை முழங்கால் இடுப்புக்கு வரும் வரை தூக்கிப் பாருங்கள். தொடையில் பிடித்தாலும், பின்பக்கம் இடுப்புப் பட்டை கீழே இறங்கினாலும் அந்த பேன்ட் வேண்டாம்.

உள்ளாடையிலும் இதே சோதனை வேண்டும். தொடையிடுக்கில் எலாஸ்டிக் வரும் ஜட்டியைவிட, தொடையில் பாதி வரை நீளும் வகை உரசலைக் குறைக்கும். பருத்தி நல்லதுதானே என்று கேட்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வதற்கு நல்லதுதான். வியர்க்க வியர்க்க ஓட்டுவதற்கு அது உகந்ததல்ல. சாதாரணக் காற்றிலேயே பருத்தி இழை தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. நனைந்த பருத்தி காயத் தாமதமாகும்; ஈரத் துணி தோலை ஊறவைக்கும்; ஊறிய தோல் சீக்கிரம் உரியும். பாலியஸ்டர் விரைவில் காய்ந்தாலும் நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது அதன் குறை. மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளியில் நாற்றம் அவ்வளவாகத் தங்காது, ஆனால் விலை அதிகம்; அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெர்ஸி வேண்டவே வேண்டாம். அதன் தனிச்சிறப்பு முதுகுப் பக்கம் உள்ள பைகளும் பின்பக்கம் சற்றே நீண்ட வெட்டும்தான். எந்த விளையாட்டுக்கான பாலியஸ்டர் டி-ஷர்ட்டும் அந்த வேலையைச் செய்யும். அதை அணிந்து ஓட்டிவிட்டு, நல்ல சட்டையைச் சுருட்டிப் பையில் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். மடித்தால் கோடு விழும், சுருட்டினால் விழாது. கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள்; இறங்கியவுடன் சட்டை மாற்றவும் வேண்டாம். சைக்கிளை நிறுத்தியதும் எதிர்க்காற்று நின்றுவிடுகிறது, உடம்பின் சூடு உடனே தணிவதில்லை. அதனால் இறங்கிய முதல் பத்து நிமிடத்தில்தான் வியர்வை கொட்டும். அது அடங்கிய பிறகு ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

பேடு வைத்த ஷார்ட்ஸ் பற்றி: இதற்கெல்லாம் பிறகும் எரிச்சல் இருந்தால், பேன்டுக்கு உள்ளே அணியும் மெல்லிய வகை ஒன்று வாங்குங்கள். வெளியே யாருக்கும் தெரியாது. பஞ்சு தடிமனாக இருப்பதுதான் உயர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குள் ஜட்டி அணியக் கூடாது. அணிந்தால் எந்தத் தையலைத் தவிர்க்கக் காசு கொடுத்தீர்களோ அதே தையலை மறுபடியும் உள்ளே கொண்டுவந்துவிடுவீர்கள். ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும், துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது. அந்தத் திரவம் இழைகளின் மேல் ஒரு படலமாகப் படிந்து, வியர்வையை வெளியே கடத்தும் திறனைக் கெடுத்துவிடும். முற்காலத்தில் இந்த பேடை மலையாட்டுத் தோலில் செய்தார்கள். துவைத்துக் காய்ந்ததும் அட்டைபோல விறைத்துவிடும் என்பதால் களிம்பு தடவிப் பதப்படுத்த வேண்டியிருந்தது. அந்த விலங்கின் பெயரான ‘ஷாமி’ மட்டும் இன்றைய பஞ்சுக்கும் தொடர்ந்து வழங்குகிறது.

ஒற்றைப்பெடல் எழுதுகிறார்:

பின்சக்கரம் அவர்கள் துணியைப் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் மரத்துப்போகும் விரல்களை விட்டுவிட்டார். என் பார்வையில் கதையின் தொடக்கமே அங்குதான் இருக்கிறது.

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரத்தில், மணிக்கட்டுக்கு அருகே தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஹேண்டில்பாரில் எடை அதிகமாக விழுந்தால் அது நசுங்கும். நிமிர்ந்து உட்காரும் சைக்கிளில் கையில் ஏன் அவ்வளவு எடை விழ வேண்டும்? சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் நீங்கள் வழி முழுவதும் முன்னால் சறுக்கிக்கொண்டும், கையால் உந்தி உங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டும் இருப்பீர்கள். அந்த ஓயாத சறுக்கலால் தொடையிடுக்கும் உரசும், கையும் மரக்கும். இரண்டு நோய்க்கும் மூலம் ஒரே திருகாணியாக இருக்கலாம்.

சைக்கிளைச் சமதளத்தில் நிறுத்தி, சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். புத்தகம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பிறகு உயரம்: பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அப்படியானால் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். சீட்டு மிகவும் உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடி உரசும். தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும்.

ஜெல் சீட்டுக்கு அவசரப்பட வேண்டாம். நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள். மெத்தென்ற சீட்டில் அவை அமிழ்ந்துபோக, நடுப்பகுதி மேலெழும்பி, அழுத்தம் படக் கூடாத மென்மையான இடத்தில் அழுத்தும். கடையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கும்போது சொகுசாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் கழித்துத்தான் தெரியும். உங்கள் அளவு தெரிய வேண்டுமானால், நெளிநெளியான உள்ளடுக்கு உள்ள பார்சல் அட்டைத் துண்டு ஒன்றைக் கெட்டியான படிக்கட்டில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, முழங்கால்களைச் சற்று உயர்த்தி உடலை முன்னும் பின்னும் அசைத்துவிட்டு எழுந்திருங்கள். இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் நடுவிலிருந்து நடு வரை அளந்து, அதோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டினால், நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கான சீட்டின் அகலம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். உங்கள் பழைய சீட்டு அந்த அகலத்தில் இருந்தால், அதை மாற்ற ஒரு காசும் செலவழிக்காதீர்கள்.

கையுறை பிறகு. அதை வாங்குவதற்கு முக்கியக் காரணம், விழும்போது நாம் எல்லோரும் கையை ஊன்றித்தான் விழுகிறோம் என்பதே. சொகுசு அதற்கு அடுத்ததுதான்.

ராத்திரி ஷிப்ட் எழுதுகிறார்:

வணக்கம். வசதியைப் பற்றி இருவரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவன் என்பதால் என் வரிசை வேறு. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு: இவை இரண்டும் இல்லையென்றால் முதல் மாதப் பணம் இவற்றுக்குத்தான் போக வேண்டும், பேன்டுக்கோ கையுறைக்கோ அல்ல. கழற்றி மின்னேற்றம் செய்துகொள்ளும் வகை போதும்.

உடையில் பலரும் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணைப் பறிக்கும் இளமஞ்சள் மேலங்கி வாங்கி அணிந்துகொண்டு, இரவிலும் அது தங்களைக் காட்டும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நிறம் சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுவதால்தான் பகலில் அப்படி எரிகிறது. இரவில் வாகன விளக்கின் முன் அது வெறும் துணி. இரவுக்கு வேண்டியது, வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டை. அதையும் எங்கே கட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பயன்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஓட்டுநர்களை வைத்தே சோதித்தார்கள். 2012-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. போக்குவரத்து இல்லாத தனிச் சாலையில் இரவில் கார் ஓட்டியவர்கள், கறுப்பு உடையில் இருந்த சைக்கிள்காரரை 2 சதவீதம்தான் அடையாளம் கண்டார்கள். ஒளிரும் நிற மேலங்கிக்கு 15 சதவீதம். ஒளியைத் திருப்பும் பட்டை வைத்த மேலங்கிக்கு 50 சதவீதம். அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டியிருந்தபோது 90 சதவீதம். மேலும் கீழும் போய்வருகிற இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்ததும், முன்னால் ஒரு மனிதர் மிதித்துப் போகிறார் என்பது ஓட்டுநருக்கு விளங்கிவிடுகிறது. மணிச்சத்தம் அவர்களே, ஒட்டிப் பிரிக்கும் கணுக்கால் பட்டை ஒரு ஜோடி வாங்குங்கள். மிகவும் மலிவான பொருள். பேன்டின் வலக்கால் செயினில் மாட்டிக் கிழியாமல் காக்கும் வேலையையும் அதுவே செய்துவிடும்.

ஹெல்மெட் உங்கள் பட்டியலிலேயே இல்லை. ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால், விலையைப் பார்க்காமல் உள்ளே ஒட்டியுள்ள லேபிளைப் பாருங்கள். ஐரோப்பாவின் இ.என். 1078, அமெரிக்காவில் 1999 முதல் கட்டாயமாக உள்ள சி.பி.எஸ்.சி. போன்ற தரச்சான்று ஏதாவது இருக்க வேண்டும். மலிவான ஹெல்மெட்டும் விலையுயர்ந்த ஹெல்மெட்டும் அதே சோதனையில்தான் தேறியாக வேண்டும். கூடுதல் பணம் பெரும்பாலும் எடைக் குறைவுக்கும் காற்றோட்டத்துக்கும் போகிறது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளைத் தனியாகச் சோதித்துத் தரவரிசை வெளியிட்டு வருகிறது, அதில் விலை குறைந்த சிலவும் மேல்வரிசையில் இருக்கின்றன. மற்ற எதையும் பழையதாக வாங்கலாம், ஹெல்மெட்டை மட்டும் வாங்கக் கூடாது. உள்ளே உள்ள நுரை ஒரு முறை அடிபட்டு நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. முன்பே நசுங்கியிருப்பது வெளியிலிருந்து தெரியாது. அணியும்போது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிக்கு மேல் விடாதீர்கள். நெற்றி முழுவதும் தெரியப் பின்னால் தள்ளி அணிந்துகொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும்.

கண்ணாடிக்குக் கட்டுமானச் சாமான் கடையில் கிடைக்கும் நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடியே போதும். தூசியையும் பூச்சியையும் தடுக்க அதைவிட நல்லது வேண்டியதில்லை.

மணிச்சத்தம் மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு வாரம் முயன்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

சீட்டின் மேல் அகராதியை வைத்தேன். கையை எடுத்ததும் அது முன்னால் சறுக்கித் தரையில் விழுந்தது. அவ்வளவு சாய்வாகத்தான் மூன்று மாதமும் ஓட்டியிருக்கிறேன். திருகாணியைத் தளர்த்திச் சமமாக்கிய நான்காம் நாளே விரல்கள் மரப்பது நின்றுவிட்டது. அட்டையில் குழிகளுக்கு இடையே 12 சென்டிமீட்டர் வந்தது. இருக்கிற சீட்டின் அகலமே போதும் என்று தெரிந்ததால் ஜெல் சீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ஜீன்ஸுக்குப் பதிலாகப் பழைய டிராக் பேன்ட் அணிந்து போய் அங்கே மாற்றிக்கொள்கிறேன். பையை முதுகிலிருந்து இறக்கி, பின் கேரியரில் எலாஸ்டிக் கயிற்றால் கட்டிவிட்டேன். முதல் நாள் கயிற்றின் கொக்கி கழன்று, பை சாலையில் விழுந்து, பின்னால் வந்தவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. இப்போது குறுக்காக இரண்டு கயிறு போடுகிறேன். எரிச்சல் முற்றிலும் போகவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமையும் நன்றாக நடக்க முடிகிறது.

இதுவரை செலவு விளக்குக்கும் கணுக்கால் பட்டைக்கும் மட்டும்தான். ஹெல்மெட் முன்பே இருக்கிறது. அடுத்து மழை வரப்போகிறது. கோட்டு வாங்கலாமா?

நனைந்த ஷூ எழுதுகிறார்:

கோட்டுக்கு முன்னால் மட்கார்டைப் பாருங்கள். மழையில் ஓட்டுகிறவரை மேலிருந்து விழும் தண்ணீர் நனைப்பதைவிட, சக்கரம் வாரி அடிக்கும் அழுக்குத் தண்ணீர்தான் அதிகம் நனைக்கிறது. மழை நின்று ஒரு மணி நேரம் கழிந்தும் அது ஓய்வதில்லை. முதுகில் நீளமாகச் சேற்றுக் கோடு விழுந்தவர்கள் அனைவரும் பின் மட்கார்டு இல்லாதவர்களே.

இனி கோட்டு. மலிவான பிளாஸ்டிக் கோட்டில் வெளித்தண்ணீர் உள்ளே வராது, உள்வியர்வையும் வெளியே போகாது. நாற்பது நிமிடம் ஓட்டினால் இரண்டில் ஒன்றால் நனைவது உறுதி. மூச்சுவிடும் துணியில் செய்தவை இதைக் குறைக்கும் என்றாலும் விலை பல மடங்கு. நான் சொல்வது போன்சோ, அதாவது கையில்லாமல் போர்வைபோல விரியும் மழையங்கி. கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்ஓரத்தை ஹேண்டில்பாரின் மேல் விரித்துவிட்டால் தொடையும் சேர்ந்து மறையும், கீழிருந்து காற்று தாராளமாக வரும். பலத்த காற்றில் மட்டும் அது பாய்மரம்போல இழுக்கும். அன்று அதை அணிய வேண்டாம். பின்ஓரம் சக்கரத்தில் சிக்காதபடி இடுப்பில் ஒரு நாடா கட்டிக்கொள்வது கட்டாயம். நான் பாவாடை அணிந்து ஓட்டுகிறவள் என்பதால் தொங்கும் துணி எதையும் நம்புவதில்லை. பாவாடை பறக்காமல் இருக்க, முன்பக்கத் துணியையும் பின்பக்கத் துணியையும் கால்களுக்கு நடுவே சேர்த்துப் பிடித்து, உள்ளே ஒரு நாணயத்தை வைத்து, வெளியே ரப்பர் பேண்டால் முடிச்சுப் போட்டுவிடுவேன்.

ஷூவுக்கு வழியே இல்லை, நனையும். சென்று சேர்ந்ததும் உள்தகட்டை வெளியே எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரத்தில் அந்தத் தாளை மாற்றிவிட்டால், வீடு திரும்பும் நேரத்துக்குள் ஈரம் பெருமளவு இறங்கியிருக்கும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி அங்கேயே இருக்கட்டும். இறங்கும்போது சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவிட மறக்காதீர்கள். ஊறிய சீட்டில் உட்கார்ந்தால் போன்சோவால் என்ன பயன்?

முன் மட்கார்டு குட்டையாக இருந்தால் தண்ணீர் நேராக உங்கள் ஷூவிலும் செயினிலும் வந்து அடிக்கும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் பக்கச் சுவரை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, மேல்ஓரத்தில் இரண்டு துளை போட்டு, மட்கார்டின் நுனியிலும் அதே இடைவெளியில் துளையிட்டு இரண்டு சிறிய போல்ட்டால் முடுக்கிவிடுங்கள். கீழ்ஓரம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றால் ஷூ பெரும்பாலும் தப்பிவிடும். அதைவிடத் தாழ்த்தினால் வேகத்தடையில் இடிக்கும். என்னுடையது இரண்டு முறை இடித்து உடைந்த பிறகுதான் இந்த அளவுக்கு வந்தேன்.